குழந்தையோடு சென்னைக்கு வருகிறீர்களா? ரூம் போடும் முன் பார்க்க வேண்டியவை

சென்னையில் குடியிருப்பவர்களுக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று உண்டு: ஊரிலிருந்து வரும் சொந்தபந்தத்துக்கு ரூம் பார்த்துக் கொடுப்பது. கல்யாணம், கண் ஆஸ்பத்திரி, விசா, அண்ணன் மகளுக்கு கவுன்சலிங் என்று எதற்கு வந்தாலும் போன் நமக்குத்தான் வரும். தனி ஆள் என்றால் யோசிக்கவே வேண்டாம். தலை சாய்க்க ஒரு கட்டில், குளிக்கத் தண்ணீர், ஸ்டேஷனுக்குப் பக்கம், முடிந்தது. இடுப்பில் ஒரு குழந்தை இருந்தால் கதையே வேறு.

ஆப்பைத் திறந்தால் எல்லா ரூமும் ஒரே மாதிரிதான் தெரியும். வெள்ளை விரிப்பு, நடுவில் மடித்து வைத்த துண்டு, சுவரில் ஒரு படம். அந்தப் படங்களிலும் நட்சத்திரக் கணக்கிலும் குழந்தைக்கு வேண்டிய தகவல் அநேகமாக எதுவும் இருக்காது. எத்தனை மணிக்குத் தூங்கும், எப்போது பால் கேட்கும், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கும் என்று குழந்தைக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்கு ஒத்துவருகிற ரூம்தான் நல்ல ரூம். எனவே நான் தேடுகிற வரிசை இப்படி: முதலில் ஏரியா, அப்புறம் நேரம், பிறகு ரிசப்ஷனுக்கு ஒரு போன், ரூமின் உள் விவரம், கடைசியில்தான் காசு. விலையில் ஆரம்பித்தால் மற்றதை எல்லாம் விலைக்குத் தகுந்தபடி வளைக்க வேண்டியிருக்கும்.

படி 1: குழந்தையின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

ஐந்து நிமிட வேலைதான். கைக்குழந்தை என்றால் வெந்நீர், பால், தொட்டில். தவழும் குழந்தை என்றால் தரை, பிளக் பாயின்ட், பாத்ரூம் கதவு. மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் என்றால் ஜன்னல், பால்கனி, நீச்சல் குளம். அதற்கு மேல் என்றால் தனிக் கட்டிலும் சாப்பாடும். மதியத் தூக்கம் உள்ள குழந்தையா, இல்லையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு படிகளும் அதை வைத்துத்தான் முடிவாகும்.

படி 2: ஏரியா

மேப்பில் 12 கிலோமீட்டர் என்று காட்டுவது மாலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரப் பயணமாக நீளும் ஊர் இது. ரூமிலிருந்து நீங்கள் போக வேண்டிய முக்கியமான இடத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மதியம் குழந்தையைத் தூக்கி வந்து, சோறூட்டித் தூங்க வைத்து, மறுபடி கிளம்ப முடிய வேண்டும். அது முடியாத ஏரியாவில் எவ்வளவு நல்ல ஓட்டல் இருந்தாலும் பயனில்லை.

தென்மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு எழும்பூர் வசதி. ஸ்டேஷன் வாசலிலேயே மெட்ரோ இருக்கிறது. காந்தி இர்வின் சாலையிலும் கென்னத் லேனிலும் வரிசையாக லாட்ஜுகள். பாந்தியன் சாலையில் 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்த குழந்தை இரண்டு நாளைக்கு அதையே பேசும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள். ஹால்ஸ் சாலையில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை 24 மணி நேரமும் இயங்குகிறது. தேவைப்படக் கூடாதுதான், ஆனாலும் பக்கத்தில் இருப்பது ஒரு தைரியம். எழும்பூரின் குறை சத்தம். ஆட்டோ ஹாரன் விடியற்காலை நாலரைக்கே ஆரம்பித்துவிடும். ரோட்டைப் பார்த்த ரூம் வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

சென்ட்ரலை ஒட்டிய பெரியமேடு லாட்ஜுகள் பெரும்பாலும் சரக்கு வாங்க வருகிற வியாபாரிகளுக்கானவை. கோவை, பெங்களூர் ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் அப்படியே மெட்ரோ பிடித்து வேறு ஏரியாவுக்குப் போய்விடுவது மேல்.

திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் பிரபலம். அவை வேலை தேடி வந்த இளைஞர்களுக்காக வளர்ந்தவை. பல இடங்களில் பாத்ரூம் பொது. குழந்தையோடு அங்கே போக வேண்டாம். வாலாஜா சாலைப் பக்கம் குடும்பத்தோடு தங்கக்கூடிய ஓட்டல்கள் இருக்கின்றன. மெரினாவுக்கு நடந்தே போகலாம். சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் இருக்கிற நாளில் வாடகை எகிறும், தெருவும் அடைத்துக்கொள்ளும்.

தி.நகர் துணி எடுக்க வருகிறவர்களுக்கு. ஒரு நல்ல விஷயம், பாண்டி பஜாரில் 2019-ல் அகலமாகப் போட்ட நடைபாதை. சென்னையில் குழந்தை வண்டியை நிம்மதியாகத் தள்ளிப் போகக்கூடிய சாலைகள் ரொம்பக் குறைவு, இது அவற்றில் ஒன்று. ரங்கநாதன் தெருவில் வண்டியும் வேண்டாம், குழந்தையும் வேண்டாம். யாராவது ஒருவர் ரூமில் இருந்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் ஆடித் தள்ளுபடியிலும் இந்த ஏரியாவையே தவிர்ப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாம்பலம் பக்கத்துச் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கம் போனவர்கள் இந்தப் பக்கம் வர முடியாது.

என்னைக் கேட்டால், காசு கொஞ்சம் கூட ஆனாலும் நுங்கம்பாக்கம், ஆயிரம் விளக்கு வட்டாரம்தான் குழந்தைக்கு உகந்தது. ஆயிரம் விளக்கில் மெட்ரோ உண்டு. கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்காவும், எதிரே 2024-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் இருக்கின்றன. காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை நுங்கம்பாக்கத்தில். அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு வருகிறவர்களுக்கும் கிரீம்ஸ் சாலை ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கும் இதுதான் ஏரியா. கிரீம்ஸ் சாலைச் சந்துகளில் சமையலறையோடு கூடிய சர்வீஸ் அபார்ட்மென்ட்கள் நிறைய. வெளிமாநில நோயாளிகளின் குடும்பங்களுக்காக வந்தவை அவை. பத்து நாள் தங்குவதென்றால் ஓட்டலைவிட அதில்தான் குழந்தைக்குச் சோறு ஒழுங்காகக் கிடைக்கும்.

மொட்டை, காது குத்து என்று வருகிறவர்கள் வடபழனியில் போட்டால் கோயிலும் மெட்ரோவும் பக்கம். ஆனால் ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடப்பதால் ரூம் எந்தத் தெருவில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மயிலாப்பூர் லஸ் பக்கத்துக்கும் ஓஎம்ஆர் என்கிற பழைய மாமல்லபுரம் சாலைக்கும் இதே கேள்விதான். பகலில் தோண்டுகிற சத்தத்தில் எந்தக் குழந்தையும் மதியம் தூங்காது.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தென்மாவட்டப் பஸ்கள் அங்கேதான் வந்து நிற்கின்றன. ‘கோயம்பேடு பக்கம் ரூம் போட்டால் இறங்கியதும் போய்ப் படுத்துக்கொள்ளலாம்’ என்ற பழைய கணக்கு செல்லாது. தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி ஒரு மணி நேரம் டவுன் பஸ்ஸில் போக வேண்டும். வண்டலூர் உயிரியல் பூங்காதான் முக்கியம் என்றால் தாம்பரம், வண்டலூர் பக்கமே தங்கி, காலையில் வெயில் ஏறும் முன் பார்த்து முடித்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் பார்க்க வேண்டுமென்றால் கிண்டி, சைதாப்பேட்டைப் பக்கம். விமான நிலையத்துக்கும் அங்கிருந்து நேர் மெட்ரோ.

ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையின் ரிசார்ட்டுகள் தனி உலகம். முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, வடநெம்மேலியில் முதலைப் பண்ணை, அப்படியே மாமல்லபுரம் என்று குழந்தைக்குக் கொண்டாட்டம்தான். நகரத்தில் வேலையை வைத்துக்கொண்டு அங்கே தங்காதீர்கள். ‘கடலைப் பார்த்த ரூம்’ என்பதில் மயங்கியும் விடாதீர்கள்: இந்தக் கரையில் அலையின் இழுப்பு அதிகம், முழங்கால் தண்ணீர் என்று நினைத்த இடம் சட்டென்று ஆழமாகும். ரிசார்ட்டிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போகும் கதவுக்குப் பூட்டு உண்டா, ஆள் நிற்பார்களா என்று கேளுங்கள். நீச்சல் குளத்துக்கும் அதே கேள்வி.

படி 3: உள்ளே வரும் நேரம், வெளியேறும் நேரம்

நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். தென்மாவட்ட ரயில்கள் பல விடியற்காலையில் எழும்பூரில் கொண்டுவந்து இறக்கிவிடும். ஓட்டல் செக்-இன் பகல் 12 மணி, சில இடங்களில் 2 மணி. இரவெல்லாம் சரியாகத் தூங்காத குழந்தையை வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் லாபி சோபாவில் உட்கார வேண்டியதுதான்.

சென்னையில் இரண்டு முறை வழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, 12 மணிக்கு 12 மணி. இன்னொன்று, நீங்கள் உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். எழும்பூர், திருவல்லிக்கேணி லாட்ஜுகளில் இரண்டாவது முறையை அதிகம் பார்க்கலாம். எது லாபம் என்பது உங்கள் ரயிலைப் பொறுத்தது.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வந்து ஞாயிறு இரவு ஒன்பது மணி ரயிலுக்குத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். 12 மணிக் கணக்கு ஓட்டலில் சனி காலையே ரூம் உறுதியாக வேண்டுமென்றால் வெள்ளி இரவுக்கும் சேர்த்துப் போட வேண்டும்; ஆக இரண்டு நாள் வாடகை, ஆனால் ஞாயிறு பகல் 12 மணிக்கு வெளியேறிவிட வேண்டும். 24 மணி நேரக் கணக்கிலும் இரண்டு நாள் வாடகைதான், ஆனால் ஞாயிறு இரவு ரயிலுக்குக் கிளம்பும் வரை ரூம் உங்கள் கையில் இருக்கும். குழந்தை மதியம் தூங்கலாம், சாயங்காலம் குளிப்பாட்டி, உடை மாற்றி, சோறு ஊட்டி ரயிலேற்றலாம். அதே பணம்தான், ஆனால் எவ்வளவு வித்தியாசம்!

ஒரே பகல் வேலை என்றால் ஸ்டேஷன் ஓய்வறையையும் பாருங்கள். உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணைப் போட்டு ஐஆர்சிடிசி தளத்தில் பதிவு செய்யலாம். 12 மணி நேரத்துக்குக்கூட எடுக்கலாம். இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்தான்.

படி 4: ரிசப்ஷனுக்கு ஒரு போன்

ஆப்பில் பணம் கட்டுவதற்கு முன் ஓட்டலுக்கு நேரடியாகப் போன் போடுங்கள். ஆப்பின் கால் சென்டருக்குப் போட்டால் ‘உங்கள் கோரிக்கையை ஓட்டலுக்குத் தெரிவித்துவிட்டோம்’ என்பதோடு சரி. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிட்டால் ரிசப்ஷனில் கூட்டம் குறைந்திருக்கும், நிதானமாகப் பேசுவார்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“வணக்கம் சார், ரூம் விஷயமா கேக்கணும். நாங்க ரெண்டு பேரு, மூணு வயசுக் குழந்தை ஒண்ணு.”

“சொல்லுங்க மேடம், டபுள் ரூம் ஏசி இருக்கு.”

“கட்டில் ஒரே கட்டிலா, ரெண்டு சிங்கிளா?”

“ரெண்டு சிங்கிள்தான். சேத்துப் போட்டுக் குடுத்துடுவோம்.”

“ஜன்னல் எந்தப் பக்கம் சார் பாக்கும்?”

“...டக்ட் பக்கம் மேடம், பில்டிங் நடுவுல பைப் போற சந்து. ரோட்டுப் பக்கம் ஒண்ணு இருக்கு, ஆனா காலைல சத்தமா இருக்கும்.”

“கரன்ட் போனா ஜெனரேட்டர்ல ஏசி ஓடுமா?”

“ஏசி ஓடாது. லைட்டு, ஃபேன் ஓடும்.”

இப்படிக் குறையையும் சேர்த்துச் சொல்கிற ஆள் கிடைத்தால் அந்த ஓட்டலை நம்பலாம். எல்லாவற்றுக்கும் ‘இருக்கு மேடம், இருக்கு மேடம்’ என்று தாளம் போட்டால் உஷார். பேசி முடிக்கும்போது பெயரைக் கேட்டுக்கொண்டு, முடிவான விஷயங்களை வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். வந்து இறங்கும்போது வேறு ஷிப்ட் ஆள் இருப்பார். அவருக்குக் காட்ட ஏதாவது வேண்டும்.

படி 5: ரூமுக்குள்

மாடியிலிருந்து தொடங்கலாம். தரைத்தளத்தில் கொசு, மழைத் தண்ணீர், வாசல் சத்தம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள ரூம் மே மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கும் அனலடிக்கும், ஏசி திணறும். இரண்டாவது, மூன்றாவது மாடி சரி. ஏதாவது ஆபத்தென்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கக்கூடிய உயரமும் அதுதான். பழைய லாட்ஜுகளில் இழுத்து மூடும் கம்பிக் கதவு லிஃப்ட் இன்னும் இருக்கிறது. குழந்தையின் விரல் நுழைய அந்த இடைவெளி போதும். அங்கே படியே மேல்.

கட்டில். இரண்டு சிங்கிள் கட்டிலைச் சேர்த்துப் போட்டால் நடு ராத்திரியில் அவை விலகி, குழந்தை நடுவில் இறங்கிவிடும். ஒரே பெரிய கட்டிலாகக் கேளுங்கள். சுவரோரம் தள்ளிப் போட்டாலும் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் இடுக்கு இருக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையைச் சுற்றித் தலையணை அடுக்கி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. முகம் புதைந்தால் மூச்சு முட்டும், அதைச் செய்ய வேண்டாம். மெத்தையைத் தரையில் போடச் சொல்லிவிடுங்கள். பல ஓட்டல்களில் ‘எக்ஸ்ட்ரா பெட்’ என்று காசு வாங்கிக்கொண்டு தருவதே தரையில் விரிக்கிற மெத்தைதான். குழந்தைக்கு அதுவே பாதுகாப்பு.

தூளியில் தூங்கிப் பழகிய குழந்தைகள் ஓட்டல் கட்டிலில் படுத்தால் ராத்திரி முழுக்கக் கச்சேரிதான். ஓட்டல் ரூமில் தூளிக் கொக்கி இருக்காது. ஃபேன் மாட்டும் கொக்கியிலோ ஜன்னல் கம்பியிலோ புடவையைக் கட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அவை ஆட்டத்தைத் தாங்குவதற்காகப் போட்டவை அல்ல. மடித்துக் கொண்டுவரக்கூடிய ஸ்பிரிங் தொட்டில் ஸ்டாண்ட் கடைகளில் கிடைக்கிறது. அதை விரிக்க ரூமில் இடம் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். சின்ன ரூம்களில் கட்டிலைச் சுற்றி நடக்கவே இடம் இருக்காது. பெரிய ஓட்டல்களில் குழந்தைக் கட்டில் தருவார்கள், ஆனால் மொத்தமே நாலைந்துதான் வைத்திருப்பார்கள். முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

பாத்ரூம்தான் என் கணக்கில் ரூமின் பாதி. நடக்க ஆரம்பித்த குழந்தை உள்ளே போய்க் கதவைச் சாத்தி, குமிழியில் உள்ள பொத்தானை அழுத்திவிடும். அதற்குத் திறக்கத் தெரியாது. உள்ளே ஈரத் தரை, வாளி நிறையத் தண்ணீர். வெளியிலிருந்து திறக்கச் சாவி ரிசப்ஷனில் உண்டா என்று கேளுங்கள். அதோடு, ஒரு துண்டை மடித்துக் கதவின் மேல் விளிம்பில் போட்டுவையுங்கள். கதவு முழுதாகச் சாத்தாது, பூட்டும் விழாது. வாளியை எப்போதும் கவிழ்த்தே வையுங்கள். கீசரில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். வாளியில் பச்சைத் தண்ணீரைப் பிடித்துவிட்டு அப்புறம் வெந்நீரைக் கலப்பதே முறை. சில ஏரியாக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், சோப்பு நுரைக்காது. கைக்குழந்தைக்குக் கடைசி ஒரு சொம்பு கேன் தண்ணீரில் ஊற்றிவிடலாம்.

சில புது ஓட்டல்களில் படுக்கைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் வைக்கிறார்கள். யாருக்காக வைக்கிறார்களோ தெரியாது, குழந்தை உள்ள குடும்பத்துக்காக இல்லை. ராத்திரி ஒருவர் எழுந்து விளக்கைப் போட்டால் மொத்த ரூமும் எழுந்துவிடும்.

பால்கனி இருந்தால் கம்பி இடைவெளியில் குழந்தையின் தலை நுழையுமா என்று பாருங்கள். அங்கே நாற்காலி, டீப்பாய் கிடந்தால் உடனே உள்ளே எடுத்துப் போட்டுவிடுங்கள். ஏறுவதற்கு அதுவே போதும். ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

ஃப்ரிட்ஜில் ஒரு சூட்சுமம். கதவுச் சாவி அட்டையைச் சுவரில் செருகினால்தான் ரூமில் கரன்ட் வரும் ஓட்டல்களில், நீங்கள் அட்டையை உருவிக்கொண்டு வெளியே போனதும் ஃப்ரிட்ஜும் நின்றுபோகலாம். பகலெல்லாம் அணைந்து கிடந்த ஃப்ரிட்ஜில் வைத்த பாலைச் சாயங்காலம் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. ஃப்ரிட்ஜுக்குத் தனி லைன் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்னொரு அட்டை வாங்கிச் செருகிவிட்டுப் போங்கள். பவுடர் பால் கலக்க 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் தண்ணீர் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் ஃபிளாஸ்கில் பிடித்தது மதியத்துக்கு அந்தச் சூட்டில் இருக்காது. ரூமில் கெட்டில் இருப்பது பெரிய உதவி; முன்னால் தங்கியவர் அதில் என்ன காய்ச்சினாரோ, முதல் இரண்டு கொதியைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். கலந்த பால் ஆறி, குழந்தை குடிக்கும் சூட்டுக்கு வந்த பிறகு கொடுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் டெங்கு கொசு பகலில் கடிக்கும். ஜன்னலுக்கு வலை இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் சின்னக் கொசுவலைக் குடை ஒன்று பையில் இருக்கட்டும்.

படி 6: சாப்பாடு

குழந்தை ஆறு மணிக்கு எழுந்திருக்கும், ஓட்டலின் இலவச டிபன் ஏழரைக்குத்தான் திறக்கும். நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரத்துக்கு என்ன செய்வீர்கள்? சென்னையில் இதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆறு மணிக்கே இட்லி கிடைக்கும் சைவ ஓட்டல் அநேகமாக எல்லா ஏரியாவிலும் உண்டு. தங்குகிற இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் அப்படி ஒன்றும், ஒரு ஆவின் பாலகமும், ஒரு மருந்துக் கடையும் இருந்தால், டிபன் இலவசமா இல்லையா என்பதே இரண்டாம் பட்சம்.

கேட்க வேண்டியது ராத்திரியைப் பற்றித்தான். சமையலறை எத்தனை மணிக்கு மூடும்? அதற்குப் பிறகு பால் காய்ச்சித் தருவார்களா? பட்ஜெட் ஓட்டல்கள் பலவற்றில் சமையலறையே கிடையாது. ரூம் பையன் பக்கத்துக் கடையில் வாங்கி வந்து தருவார், கடை மூடினால் அவ்வளவுதான். ரசம் சாதம், தயிர் சாதம் மெனுவில் இல்லாவிட்டாலும் ‘குழந்தைக்குங்க, காரம் இல்லாம’ என்று சொன்னால் பெரும்பாலும் குழைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

படி 7: காசு

ஆப்பில் குழந்தையின் வயதைப் போட ஒரு கட்டம் இருக்கும். இரண்டு பேர் என்று மட்டும் போட்டுவிட்டு வாசலில் பேசிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஐந்து வயதுக்குள் பெற்றோரோடு படுத்தால் இலவசம், பன்னிரண்டுக்கு மேல் பெரியவர் கணக்கு என்பது பொதுவான வழக்கம். நடுவில் உள்ள வயதுக்கு ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். வயதைக் காட்டக் குழந்தையின் ஆதார் கையில் இருக்கட்டும், நீல நிற பால ஆதாரே போதும். டிபன் இலவசம் என்று போட்டிருந்தால் குழந்தைக்கும் சேர்த்தா என்று கேளுங்கள்.

வரியையும் கணக்கில் சேருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 7,400 ரூபாய் ரூம் வரியோடு 7,770. இருநூறு ரூபாய் மட்டும் கூடிய 7,600 ரூபாய் ரூம் 8,968 ஆகிவிடும். கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள ரூமாக இருந்தால், எக்ஸ்ட்ரா பெட் சேர்த்து எவ்வளவு, வரியோடு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு விலை காட்டும்போது, கேன்சல் செய்தால் பணம் திரும்பாத மலிவு விலையை எடுக்கத் தோன்றும். குழந்தை உள்ள வீட்டில் அந்தச் சூதாட்டம் வேண்டாம். கிளம்புகிற அன்று காலையில் காய்ச்சல் வருவது குழந்தைகளின் பிறப்புரிமை. முகூர்த்த நாட்களிலும், ஜனவரியில் புத்தகக் கண்காட்சி, பொங்கல் சமயத்திலும் ரூம் கிடைப்பதே கஷ்டம். அப்போது சீக்கிரம் போட்டுவைத்து, திரும்பப் பெறும் வசதியோடு எடுங்கள்.

விமர்சனங்களைப் படிக்கிறவர்கள் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு, கடைசி மூன்று மாதத்தில் வந்த இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள். கரப்பான், சத்தம், லிஃப்ட், தண்ணீர் என்ற நாலு வார்த்தை எத்தனை பேரிடம் வருகிறது என்று பார்த்தால் போதும்.

படி 8: ரூம் கதவைத் திறந்ததும்

ஒருவர் குழந்தையோடு வெளியே நிற்க, மற்றவர் மட்டும் உள்ளே போங்கள். ஏசியைப் போட்டு, காற்று நேராகத் தலைமாட்டில் அடிக்கிறதா, தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். கீசரைத் திறந்து வெந்நீர் வருகிறதா பாருங்கள். ஃபிளஷ், பாத்ரூம் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி. மெத்தையின் ஓரத் தையலை விரலால் விலக்கி மூட்டைப்பூச்சிக் கறை இருக்கிறதா என்று ஒரு பார்வை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். மாத்திரை அட்டை, ஹேர்பின், உடைந்த கொசு மட்டை என்று முன்னால் தங்கியவர்கள் விட்டுப்போனதெல்லாம் அங்கேதான் கிடக்கும், தவழும் குழந்தை முதலில் போவதும் அங்கேதான். கட்டிலோரம் எட்டுகிற பிளக் பாயின்ட்டில் ஒட்ட ஒரு செலோ டேப் சுருள் கொண்டுவாருங்கள்.

இன்டர்காமில் ரிசப்ஷன் எண் வேலை செய்கிறதா என்று ஒரு தடவை அடித்துப் பாருங்கள். படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துவையுங்கள். ஆம்புலன்சுக்கு 108 தெரிந்ததுதான். அவர்களிடம் சொல்ல ஓட்டல் பெயர், தெருவோடு பக்கத்தில் உள்ள அடையாளம் ஒன்றையும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரூம் பிடிக்கவில்லை என்றால் இந்தப் பத்து நிமிடத்துக்குள்ளேயே கீழே போய்ச் சொல்லிவிடுங்கள். பையைத் திறந்து, குழந்தை கட்டிலில் ஏறி விரிப்பு கசங்கிய பிறகு கேட்டால், ‘ஃபுல் ஆயிடுச்சு சார்’ என்பதுதான் பதிலாக வரும்.